நான்காம் நாளில் யார் இருப்பார்கள்?

தேனி மாவட்டத்தில் ஆண்டிபட்டியில் தொடங்கி கூடலூர் வரை, எந்த ஊர்ப் பேருந்து நிலையத்தில் இறங்கினாலும் சுவரில் ஒரு நோட்டீஸ் கண்ணில் படும். இலவசக் கண் சிகிச்சை முகாம். ஞாயிறு காலை 8 மணி முதல் மதியம் 1 மணி வரை. இடம்: ஏதோ ஒரு பள்ளிக்கூடம் அல்லது கல்யாண மண்டபம். அறுவை சிகிச்சைக்குத் தேர்வாகிறவர்கள் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லப்படுவார்கள். லென்ஸ், சாப்பாடு, போக்குவரத்து எல்லாம் இலவசம். அடியில் செலவை ஏற்றவரின் பெயர்.

படிக்கிறவர்கள் இலவசம் என்பதை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். ஆனால் இந்த நோட்டீஸில் மருத்துவ ரீதியாகப் பெரிய சங்கதி, நோயாளியை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகிறார்கள் என்பதுதான். ஒரு காலத்தில் நாடு முழுவதும் பள்ளிக்கூட பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு அங்கேயே அறுவை சிகிச்சை நடந்தது. டாக்டர்கள் வருவார்கள், இரண்டு மூன்று நாளில் நூற்றுக்கணக்கான கண்களில் புரையை எடுப்பார்கள், அடுத்த ஊருக்குப் போவார்கள். நல்லெண்ணத்தில் குறையில்லை. அப்படியும் அந்த முறையை ஏன் கைவிட்டோம்? வெளிநாட்டிலிருந்து இரண்டு வார விடுப்பில் சேவை செய்ய வரும் மருத்துவர்களுக்கும், அவர்களை அழைக்கும் நம் ஊர் அமைப்புகளுக்கும் சொல்ல வேண்டிய பாடம் இந்தக் கேள்வியின் பதிலில் இருக்கிறது.

புரை முத்த வேண்டுமா?

கண்ணின் லென்ஸ் சுமார் 10 மில்லிமீட்டர் அகலம், 4 மில்லிமீட்டர் தடிமன். அதற்குள் ரத்தக் குழாய் கிடையாது. உள்ளே இருக்கும் நார் செல்கள் தங்கள் உட்கருவையே துறந்துவிட்டவை. ஒளி தடையில்லாமல் போவதற்கு இது தேவை. விலை என்னவென்றால், அந்தச் செல்களில் பழுதான புரதத்தை மாற்றிப் புதிது செய்ய வழியில்லை. தாயின் வயிற்றில் இருந்தபோது உருவான கிரிஸ்டலின் புரதங்களே எழுபது வயதிலும் நடு லென்ஸில் இருக்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிர், புகை, சர்க்கரை நோய், ஸ்டீராய்டு மருந்துகள், எல்லாவற்றுக்கும் மேலாக வயது இவற்றைச் சிதைக்கின்றன. முட்டையின் வெள்ளைக்கரு சூட்டில் வெளுப்பதைப் போலப் புரதங்கள் ஒன்றோடொன்று திரண்டு ஒளியைச் சிதறடிக்கின்றன. இதுதான் கண்புரை.

முகாமில் கண் டெஸ்ட் பண்ணும் இளம்பெண்ணிடம், "எனக்கு இன்னும் முத்தலை தாயி, முத்தட்டும்" என்று பாட்டிமார் சொல்வது இந்தப் பக்கத்தில் வழக்கம். அது மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிட முடியாது. பழைய மருத்துவம் கற்றுக்கொடுத்த பாடம் அது. அன்று லென்ஸை அதன் உறையோடு முழுசாக எடுத்துவிடுவார்கள். அதற்குக் கருவிழியின் விளிம்பில் ஏறக்குறைய பாதி வட்டத்துக்கு வெட்ட வேண்டும், தையல் போட வேண்டும், அசையாமல் படுத்திருக்க வேண்டும். பிறகு சோடாபுட்டிக் கண்ணாடி. அது பொருட்களைக் கால்வாசி பெரிதாகக் காட்டும். பக்கவாட்டுப் பார்வையை மறைக்கும். ஓரளவு பார்வை உள்ளவருக்கு அந்தக் கண்ணாடியால் நஷ்டமே அதிகம். ஆகவே பார்வை முழுக்க மங்கும்வரை காத்திருக்கச் சொன்னார்கள். கண்ணாடி உடைந்தால் மனிதர் மறுபடியும் குருடர். முகாம் நடத்தியவர்களோ அதற்குள் வேறு மாவட்டத்தில் இருப்பார்கள்.

1949-இல் லண்டனில் ஹரால்ட் ரிட்லி என்ற மருத்துவர் கண்ணுக்குள்ளேயே பிளாஸ்டிக் லென்ஸ் வைத்ததும் கணக்கு மாறத் தொடங்கியது. போர் விமானங்களின் கண்ணாடிக் கூண்டு உடைந்து விமானிகளின் கண்ணில் ஏறிய பிளாஸ்டிக் துண்டுகளைக் கண் வெறுக்கவில்லை என்பதைக் கவனித்துத்தான் அந்தப் பொருளை அவர் தேர்ந்தெடுத்தார். இன்று 6, 7 மில்லிமீட்டர் அளவில் வெண்விழியில் சரிவாகச் சுரங்கம் போல வெட்டிப் புரையை எடுத்து லென்ஸ் வைக்கிறார்கள். கண்ணின் உள்ளழுத்தமே வெட்டை மூடிக்கொள்வதால் தையல் வேண்டாம். கை தேர்ந்தவருக்குப் பத்து நிமிடம் போதும். இப்போது புரை முத்துவதுதான் ஆபத்து: லென்ஸ் கல்லாகக் கெட்டிப்படும், அளவுக்கு மீறி முத்தினால் புரதம் கசிந்து கண்ணழுத்தம் ஏறி, பார்வை நரம்பையே கெடுத்துவிடும்.

பத்து நிமிடம் என்பதுதான் வந்துபோகும் சேவையாளர்களை மயக்கும் எண். ஒரு நாளில் எத்தனை செய்யலாம் என்று மனம் பெருக்கத் தொடங்குகிறது. உயிரியல் வேறு கணக்கு போடுகிறது.

கிருமிக்கு அவகாசம் தேவை

நம் இமை ஓரத்திலும் விழி வெண்படலத்திலும் பாக்டீரியாக்கள் சாதாரணமாகவே குடியிருக்கின்றன. வெளியே இருக்கும்வரை அவற்றால் தொல்லை இல்லை. அறுவையின்போது கண்ணுக்குள் நுழைந்துவிட்டால் கதை வேறு. உள்ளே உள்ள கூழ் போன்ற விழித் திரவத்தில் ரத்த ஓட்டம் கிடையாது. உடலின் காவல் செல்கள் அங்கே போய்ச் சேர்வதற்குள் கிருமி பெருகிவிடும். இதை எண்டாப்தல்மைட்டிஸ் என்கிறார்கள். பெரும்பாலும் முதல் வாரத்திலேயே, மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் தலைகாட்டும். கண் சிவக்கும், வலிக்கும், கட்டை அவிழ்த்தபோது தெளிவாகத் தெரிந்தது மறுபடி மங்கும். அப்போது அன்றே கண்ணுக்குள் நேரடியாக ஆன்டிபயாடிக் ஊசி போட வேண்டும். ஒரு நாள் தாமதம்கூடப் பார்வையைப் பறித்துவிடும்.

இந்த அத்தியாயத்தின் தலைப்புக் கேள்வி இங்கிருந்துதான் வருகிறது. ஞாயிறு ஆபரேஷன், புதனன்று வலி. ஞாயிறு வந்த டாக்டர் புதனன்று எங்கே?

1986 ஏப்ரலில் உத்தரப் பிரதேசத்தின் குர்ஜாவில் ஒரு தொண்டு அமைப்பு கண் முகாம் நடத்தியது. 108 பேருக்கு அறுவை. அவர்களில் 88 பேருக்குக் கண்புரை. தொற்று பரவி 84 பேரின் அறுவை செய்த கண்கள் பாழாயின. கண்ணைக் கழுவப் பயன்படுத்திய சாலைன் மீதே சந்தேகம் விழுந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 1989-இல் இழப்பீடு வழங்க உத்தரவானது. ஒரே பாட்டில், ஒரே மேஜை, ஒரே நாள் என்று இருந்தால் ஒரு தவறு எத்தனை பேரைத் தாக்கும் என்பதற்கு அந்த எண்ணிக்கையே சாட்சி.

கண்ணோடு இது நிற்கவில்லை. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்டத்தில், புழக்கத்தில் இல்லாத ஒரு மருத்துவமனைக் கட்டிடத்தில், ஒரே அறுவை மருத்துவர் சில மணி நேரத்தில் 83 பெண்களுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்தார். பத்துக்கும் மேற்பட்ட பெண்கள் இறந்தார்கள். 2016-இல் உச்ச நீதிமன்றம், முகாம் வைத்துக் கருத்தடை அறுவை செய்யும் முறையையே மூன்றாண்டுக்குள் முடிவுக்குக் கொண்டுவரச் சொன்னது.

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது என்று நம் ஊரில் சொல்வார்கள். இலவச அறுவையில் அந்தப் பழமொழி ஆளைக் கொல்லும். காசு கொடுத்தவர் வலித்தால் சண்டை போடுவார். ஓசியில் செய்துகொண்டவர் "நல்லது செய்யத்தானே வந்தாங்க" என்று வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலேயே கிடப்பார். ஆகையால் ஏழை நோயாளி கேட்காத கேள்வியை அவருக்காக நாம் கேட்க வேண்டியிருக்கிறது.

தேனிக்கு வந்த மருத்துவமனை

அரசு மருத்துவப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் கோ. வெங்கடசாமி, 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளுடன் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் அறுவை செய்யப் பழகிக்கொண்டவர் அவர். 1985-இல் தேனியில் கிளை வந்தது. அவரோடு தொடக்கத்திலிருந்து நின்ற டாக்டர் பெ. நம்பெருமாள்சாமி, தேனியை அடுத்த அம்பாசமுத்திரம் கிராமத்துக்காரர்.

வரைபடத்தில் பார்த்தால் ஒரு கிளை, அவ்வளவுதான். கூடலூர் விவசாயிக்கோ அது பெரிய மாற்றம். அதற்கு முன் கண் வலித்தால் மதுரைக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ் பிடிக்க வேண்டும். கூட ஒரு ஆள் வர வேண்டும். இரண்டு பேர் கூலி போகும். விடியும் முன்பே ஜீப் ஏறி போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போகும் பெண்களுக்கு ஒரு நாள் கூலி என்பது விளையாட்டில்லை. திராட்சைப் பந்தலுக்கு அடியில் வேலை பார்ப்பவருக்கு இன்னொரு சிக்கல்: நாள் முழுக்க அண்ணாந்தே பார்க்க வேண்டும், காய்ந்த இலையும் மருந்துத் துளியும் நேராகக் கண்ணில் விழும். ஆபரேஷன் ஆன கண்ணுக்கு அது ஆகாது. "ஒரு மாசம் பந்தலுக்குப் போகாதீங்கய்யா" என்று சிஸ்டர் சொல்வது சுலபம். அந்த மாதம் அடுப்பு எரிய என்ன வழி என்பதும் சிகிச்சையின் பகுதிதான்.

ஆகவே முகாம் இரண்டாகப் பிரிந்தது. ஊரில் பரிசோதனை மட்டும். கத்தி மருத்துவமனையில் மட்டும். போடியிலோ கம்பத்திலோ பள்ளி வராந்தாவில் வரிசை நகரும்: பெயர்ப் பதிவு, பார்வை அளவு, டார்ச் வெளிச்சத்தில் முதல் பரிசோதனை, கண்ணழுத்தம், கண்ணீர்ப் பாதை அடைப்பு உண்டா என்ற சோதனை, ரத்த அழுத்தம், சர்க்கரை, கடைசியில் டாக்டர். கண்ணாடி வேண்டியவருக்கு முகாமிலேயே கண்ணாடி. புரை உள்ளவர் மாற்றுத்துணிப் பையோடு பஸ்ஸில் ஏறுகிறார். தேசிய அளவிலும் இதே பாதைதான்: 1994 முதல் 2002 வரை உலக வங்கி உதவியோடு தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களில் நடந்த கண்புரைத் திட்டம், தற்காலிக அறுவை முகாம்களிலிருந்து நிலையான மருத்துவமனைகளுக்கு நாட்டைத் திருப்பியது.

நிலையான இடம் இருப்பதால் இன்னொன்றும் சாத்தியமாகிறது: கணக்கு. அறுவையின் முடிவில் கண்ணுக்குள் மாக்ஸிஃப்ளாக்ஸசின் மருந்தைச் செலுத்தினால் தொற்று குறையுமா என்று அரவிந்த் மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். 2017-இல் வெளியான அந்த ஆய்வு 6 லட்சம் அறுவைகளை அலசியது. மருந்து இல்லாதபோது பத்தாயிரத்துக்கு 7 பேருக்கு வந்த தொற்று, மருந்தோடு 2 ஆகக் குறைந்தது. இத்தனை அரிதான விபத்தை அளக்க வேண்டுமானால், ஒவ்வொரு கண்ணும் பின்னால் என்ன ஆனது என்று எழுதி வைத்திருக்க வேண்டும். வந்து போகும் குழுவால் இதைக் கண்டுபிடித்திருக்கவே முடியாது. தன்னால் எத்தனை பேருக்குக் கெடுதல் நேர்ந்தது என்பதே அதற்குத் தெரிய வழியில்லை.

வெளிநாட்டு உதவி எப்போது நிலைத்தது

அமெரிக்காவின் சேவா அறக்கட்டளை தொடக்க காலத்திலிருந்தே அரவிந்துக்குத் துணை நின்றது. 1980-களில் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் மேலைநாட்டில் 100 டாலருக்கு மேல் விற்றது. நன்கொடையாகச் சில வரும். எத்தனை வரும், எப்போது வரும் என்பது கொடுப்பவர் கையில். ஏழைக்கு லென்ஸ் கிடைப்பது அடுத்தவர் மனசைப் பொறுத்த விஷயமாகவே இருந்தது. டேவிட் கிரீன் என்ற அமெரிக்கர் செய்த உதவி, இன்னும் கொஞ்சம் லென்ஸ் வாங்கி அனுப்புவதாக இல்லை. தொழில்நுட்பத்தைத் தேடிப்பிடித்து மதுரையிலேயே செய்ய வழி காட்டினார். 1992-இல் ஆரோலேப் என்ற லென்ஸ் தொழிற்கூடம் தொடங்கியது. லென்ஸ் விலை 10 டாலர் அளவுக்கு இறங்கியது. டேவிட் கிரீன் கண் மருத்துவர் அல்ல, ஒரு கண்ணையும் அறுத்ததில்லை. அவர் உதவியால் பார்வை பெற்றவர்கள் எண்ணிக்கையில் அடங்க மாட்டார்கள்.

இரண்டாவது உதாரணம் தேனியிலேயே நடந்தது. மதுரை வட்டாரக் கிராமங்களில் நடந்து 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணில் குறை உள்ளவர்களில் 100-க்கு 7 பேர்தான் முகாமுக்கு வருகிறார்கள் என்று காட்டியது. மற்ற 93 பேரை எட்டுவது எப்படி? ஊருக்கு ஊர் சின்னக் கண் மையம். அதில் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண். டாக்டர் தேனியில் இருந்து வீடியோவில் பார்ப்பார். யோசனை நல்லது; ஆனால் அன்றைய கிராமத்தில் வீடியோ போகும் அளவுக்கு இணையம் ஏது? கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகக் கணினி ஆய்வாளர்கள், அறைக்குள் வேலை செய்யும் வைஃபையைக் கோபுர ஆன்டெனாக்கள் மூலம் பல கிலோமீட்டர் தூரத்துக்கு நீட்டினார்கள். 2006 வாக்கில் அம்பாசமுத்திரம், போடி, சின்னமனூர் போன்ற இடங்களின் மையங்கள் தேனி மருத்துவமனையோடு இணைந்தன.

அடுத்து நடந்தது இன்னும் முக்கியம். கரண்ட் ஏறி இறங்கியதில் கருவிகள் புகைந்தன. பழுது எங்கே என்று மையத்தில் இருப்பவருக்குத் தெரியாது, தெரிந்தவர் கலிபோர்னியாவில். அதன்பின் ஆய்வாளர்கள் வேகத்தைக் கூட்டுவதை விட்டுவிட்டு, மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் கருவிகளை வடிவமைத்தார்கள்; பழுதைப் பார்க்க உள்ளூர் ஆட்களைப் பழக்கினார்கள்; வேலையை அவர்களிடமே ஒப்படைத்துவிட்டு ஒதுங்கினார்கள். தாங்கள் இல்லாமல் ஓடுமாறு செய்வதே தங்கள் வேலை என்று புரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

தமிழ் மண்ணுக்கு இது புதிதல்ல. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் நோயாளிகளைப் பார்த்ததோடு நிற்கவில்லை. அடுத்த ஆண்டே மாணவர்களுக்கு மருத்துவம் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். பின்னாளில் பாடத்தையே தமிழுக்கு மாற்றினார். அதற்காக மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 1873-இல் அவர் ஊர் திரும்பும்போது, அவரிடம் படித்த தமிழ் மருத்துவர்கள் 60-க்கும் மேல். மதம் பரப்புவதும் அவர் நோக்கம்தான். அதை அவர் மறைக்கவில்லை. என்றாலும் அவர் கிளம்பிய மறுநாள் யாழ்ப்பாணத்து நோயாளிக்கு வைத்தியர் இருந்தார்.

விமானம் ஏறும் முன்

இன்று அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள், சொந்த ஊருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று டிசம்பரில் வருகிறார்கள். கூடவே வெள்ளைக்கார நண்பர்களும் மருத்துவ மாணவர்களும் வருவதுண்டு. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் சில விஷயங்களில் விட்டுக்கொடுக்கக்கூடாது.

முதலாவது, உங்கள் நாட்டில் தனியாகச் செய்ய உங்களுக்கு உரிமை இல்லாத சிகிச்சையை இங்கே செய்யாதீர்கள். கற்றுக்கொள்ள ஆசையென்றால் பயிற்சி மருத்துவமனையில் ஆசிரியர் மேற்பார்வையில், நோயாளிக்குச் சொல்லிவிட்டு, படிப்படியாகக் கற்கலாம். ஆப்பிரிக்காவிலிருந்தும் மற்ற நாடுகளிலிருந்தும் மருத்துவர்கள் மதுரைக்கு வந்து அப்படித்தான் கற்கிறார்கள். இந்தியப் பதிவு இல்லாத வெளிநாட்டு மருத்துவர் தொண்டு நோக்கில் சிகிச்சை செய்வதானாலும் தேசிய மருத்துவ ஆணையத்தின் தற்காலிக அனுமதி வேண்டும். சுற்றுலா விசாவில் வந்து கத்தி எடுப்பது சேவை ஆகாது, சட்ட மீறல்.

இரண்டாவது, ஒரு அறுவையால் முடியாத நோயை ஒரு அறுவையால் முடித்ததாகச் சொல்லாதீர்கள். உதட்டுப் பிளவோடு பிறந்த குழந்தைக்குச் சில மாதத்தில் உதடு, ஒரு வயது வாக்கில் அண்ணம், பிறகு பேச்சுப் பயிற்சி, பல் சீரமைப்பு, எட்டுப் பத்து வயதில் ஈறு எலும்பு என்று வளரும்வரை சிகிச்சை தொடரும். 1999-இல் தொடங்கிய ஸ்மைல் டிரெய்ன் அமைப்பு, வெளிநாட்டுக் குழுக்களை அனுப்பாமல் அந்தந்த ஊர் மருத்துவர்களுக்குப் பணமும் பயிற்சியும் தரும் வழியை எடுத்தது இப்படித் தொடரும் சிகிச்சைக்குப் பொருந்துகிறது. கண்புரையிலும் பின்கதை உண்டு: சிலருக்கு மாதங்களோ வருடங்களோ கழித்து லென்ஸின் பின் உறை மங்கும், லேசரில் சில நிமிட வேலை, ஆனால் லேசர் உள்ள இடம் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது, கட்டுப் போட்ட பாட்டியோடு படம் எடுத்து உலகுக்குக் காட்டுமுன் அவரிடம் கேளுங்கள். ஏழைக்கும் மானம் உண்டு.

பணம் கொடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. எத்தனை பேருக்கு ஆபரேஷன் செய்தீர்கள் என்று கேட்பதை நிறுத்துங்கள். செய்துகொண்டவர்களில் எத்தனை பேருக்குப் பார்வை வந்தது என்று கேளுங்கள். கண்புரை அறுவைக்குப் பின் 100-க்கு 80 பேருக்காவது 6/18 (இயல்பான கண் 18 மீட்டரில் பார்ப்பதை 6 மீட்டரில் பார்க்கும் அளவு) அல்லது அதைவிட நல்ல பார்வை இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் முன்பு வைத்த அளவுகோல். அந்த எண்ணைச் சொல்ல முடியாத அமைப்புக்கு நன்கொடை தராதீர்கள். நான்காம் நாள் வலி வந்தால் நோயாளி யாருக்குப் போன் செய்ய வேண்டும், யார் வண்டி அனுப்புவார்கள், யார் செலவு என்று கேளுங்கள். பதில் தெளிவாக வந்தால் தாராளமாகக் கொடுங்கள். வராவிட்டால் அதே பணத்தை உங்கள் மாவட்ட மருத்துவமனையில் ஒரு கண் லேசர் வாங்கவோ, ஒரு செவிலியரைப் படிக்க வைக்கவோ கொடுங்கள். அவர் டிசம்பர் முடிந்த பிறகும் ஊரில் இருப்பார்.